தூண்டில்காரனுக்குத் தக்கை மேல் கண்: ஏழு வயது மகளோடு ஆற்றுக்குப் போகிற அப்பாவுக்கு?

முசிறி மருமகன் | திங்கள், இரவு 9:12

காலாண்டு விடுமுறைக்கு மாமனார் ஊருக்குப் போகிறோம். முசிறிக்குப் பக்கம், காவிரி நடக்கிற தூரம். மகளுக்கு ஏழு வயது. போன தடவை கரையில் ஒரு பெரியவர் மூங்கில் கம்பில் கெண்டை இழுத்ததைப் பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து துடைப்பக்குச்சியில் நூலைக் கட்டி பாத்ரூம் வாளியில் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். வாளி காலியாக இருந்தாலும் அசைவதில்லை.

நான் சென்னையில் வளர்ந்தவன், தூண்டிலைத் தொட்டதே இல்லை. நீச்சல் சுமாராக வரும், அதுவும் நீச்சல் குளத்தில். எங்கே உட்காருவது, எத்தனை மணிக்குப் போவது, என்ன வாங்குவது? 1,800 ரூபாய்க்கு ரீல் வைத்த கம்பு ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். மனைவியிடம் சொன்னேன். "வேண்டாம்" என்றாள். கம்பு வேண்டாமா, ஆறு வேண்டாமா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

ஊத்தா | திங்கள், இரவு 9:40

1,800 ரூபாயைப் பத்திரமாக வையுங்கள், திரும்பி வரும்போது சமயபுரத்தில் பிள்ளைக்கு வளையல் வாங்கலாம். ரீல் எல்லாம் பதினைந்து வயதுக்கு மேல். ஏழு வயதுக் கை அதைச் சிக்கெடுப்பதிலேயே காலை முழுக்கப் போய்விடும், சிக்கெடுக்கப் போவது நீங்கள்தான்.

மூங்கில் நுனிக் கம்பு ஐந்தடி, ஆறடி போதும். பெரியவர்கள் வைத்திருக்கிற எட்டடிக் கம்பு அவளுக்குக் கனம். தங்கூஸ் நரம்பு (நைலான் தூண்டில் நூல்) மெல்லியதாக வாங்கி, கம்பு நீளமே நரம்பு கட்டுங்கள். கூட விட்டால் மரத்தில் மாட்டும், இல்லை உங்கள் காதில் மாட்டும். தூண்டில் முள் சின்னதாக இருக்கட்டும். கடையில் நம்பர் கேட்டால் ஒரு குழப்பம் வரும்: நம்பர் கூடக் கூட முள் சிறியதாகும். பத்து, பன்னிரண்டு கேளுங்கள். நரம்பில் ஒரு மிளகளவு ஈயம். மீன் கடித்தால் ஆடிக் காட்டுகிற தக்கைக்கு மயிலிறகுக் காம்பு கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் பழைய ரப்பர் செருப்பில் ஒரு துண்டு. எங்கள் பக்கம் பாதிப் பேர் செருப்புத் தக்கைதான். செருப்பு யாருடையது என்று கேட்கக் கூடாது.

இரைக்கு மண்புழு. வாழை மரத்தடியில், குளியலறைத் தண்ணீர் போகிற இடத்தில் தோண்டினால் கிடைக்கும். கொட்டாங்குச்சியில் ஈர மண்ணோடு போட்டு நிழலில் வையுங்கள். பிள்ளை புழுவைத் தொட மாட்டேன் என்றால் மைதாவைக் கெட்டியாகப் பிசைந்து, கொஞ்சம் பஞ்சைப் பிய்த்துச் சேர்த்து உருட்டுங்கள். பஞ்சு சேர்ந்தால் தண்ணீரில் சீக்கிரம் கரையாது.

முக்கியமான ஒன்று. முள்ளின் நுனியில் பின்னோக்கி ஒரு எதிர்முள் இருக்கும். அதைக் கொறடால் அமுக்கித் தட்டையாக்கிவிடுங்கள். ஒன்றிரண்டு மீன் நழுவும், நழுவட்டும். ஆனால் விரலில் ஏறினால் சுலபமாகக் கழன்று வரும்.

சும்மா பார்க்க வந்தவன் | திங்கள், இரவு 9:58

வாளியில் என்ன மீன் மாட்டியது?

முசிறி மருமகன் | திங்கள், இரவு 10:03

இதுவரை ஒரு சோப்பு டப்பா.

நீர்மட்டம் | செவ்வாய், காலை 6:20

ஊத்தா தூண்டிலைச் சொல்லிவிட்டார். நான் தண்ணீரைச் சொல்கிறேன்.

ஜூன் 12-ல் மேட்டூரைத் திறந்து ஜனவரி 28 வரை டெல்டாவுக்குத் தண்ணீர் விடுவது பழைய வழக்கம். தேதி ஆண்டுக்கு ஆண்டு தள்ளிப்போகும். எப்படியும் காலாண்டு லீவு சமயத்தில் ஆறு பெரும்பாலும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். செய்தியில் "பத்தாயிரம் கன அடி" என்பான், நமக்கு உறைக்காது. ஒரு கன அடி சுமார் 28.3 லிட்டர். பத்தாயிரம் கன அடி என்றால் வினாடிக்கு 2,83,000 லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் தண்ணீர் லாரி ஒரு வினாடிக்கு இருபத்துமூன்று போகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். அகண்ட காவிரி என்பதால் முசிறியில் அது விரிந்து படுத்து, பார்க்கச் சாதுவாக இருக்கும். சாது இல்லை.

மேட்டூரில் கூட்டி விட்டால் உங்கள் பக்கம் வர ஒரு நாளுக்கு மேலாவது ஆகும், அதற்குள் செய்தி வந்துவிடும். மாயனூர் கதவணை அப்படி இல்லை. அது உங்களுக்குச் சற்று மேலேதான் இருக்கிறது, ஷட்டரைத் தூக்கினால் சில மணி நேரத்தில் தெரியும். பவானியும் அமராவதியும் மேட்டூருக்குக் கீழே வந்து சேர்கிறவை. அங்கே மழை கொட்டினால் மேட்டூரில் ஒரு சொட்டு கூட்டாமலே இங்கே ஏறும். அதனால் மணல் திட்டில் போய் உட்காராதீர்கள். முன்னால் தண்ணீர் இருப்பது தெரியும், பின்னால் ஏறுவது தெரியாது. கரையில் ஒரு குச்சியை நட்டு நீர்மட்டத்தில் கோடு போட்டுவையுங்கள். கோடு முழுகினால் கிளம்புங்கள். மீன் கடித்துக்கொண்டிருந்தாலும் கிளம்புங்கள்.

2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடத்து மதகுகள் ஒன்பது அடித்துக்கொண்டு போனதை நேரில் பார்த்தவன் நான். ஆர்தர் காட்டன் காலத்தில், 1836-ல் கட்டியது. நாம் எந்த மூலைக்கு?

இரண்டு பிள்ளைக்காரி | செவ்வாய், காலை 10:15

தம்பி, உங்கள் மனைவி சொன்ன "வேண்டாம்" ஆற்றுக்குத்தான். எனக்குக் கேட்காமலே தெரியும்.

நான் லால்குடிப் பக்கம். ஆடிப்பெருக்கு முடிந்த மறுநாள் பேப்பரை எடுக்கவே பயப்படுகிற ஊர். ஆற்றில் மணல் அள்ளின பள்ளங்கள் அப்படியே கிடக்கின்றன. தண்ணீர் வந்ததும் மேலே சமமாகத் தெரியும். முழங்கால், முழங்கால், முழங்கால், அடுத்த அடி ஆள் மட்டம். உள்ளூர்க்காரனே ஏமாறுகிறான்.

சரி, வாய்க்காலில் உட்காரலாமே என்பீர்கள். சிமெண்ட் பூசின வாய்க்காலில் விழுந்தால் பிடித்து ஏற ஒரு பிடிமானம் கிடையாது. பண்ணைக்குட்டை இன்னும் மோசம், அந்தப் பிளாஸ்டிக் ஷீட்டில் பாசி படிந்தால் பெரிய ஆளே வழுக்குவான். சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டேன். போகாதீர்கள் என்பதே என் கட்சி.

ஊத்தா | செவ்வாய், காலை 11:02

அக்கா சொல்கிற பள்ளம் உண்மை. ஆனால் ஆற்றோரம் பிறந்த பிள்ளையை ஆற்றைக் காட்டாமல் வளர்த்தால், பதினாறு வயதில் கூட்டாளிகளோடு சொல்லாமல் போய் இறங்குவான். பேப்பரில் வருகிறவர்கள் பெரும்பாலும் அந்த வயதுதான்.

இரண்டு பிள்ளைக்காரி | செவ்வாய், காலை 11:10

இந்தக் கணக்கை எல்லா ஆண்களும் சொல்கிறீர்கள். சரி, காட்டுங்கள். கரையிலிருந்து காட்டுங்கள்.

படித்துறை | செவ்வாய், இரவு 11:36

நான் இங்கே படிப்பதோடு சரி, எழுதுவதில்லை. இதற்கு எழுத வேண்டும் போலிருந்தது.

எனக்கு ஆறு வயது, 1991. அப்பா ஞாயிற்றுக்கிழமைதோறும் தூண்டில் போடுவார். கெட்டிக்காரர். தெருவில் அவர் மீனுக்குக் காத்திருக்கிறவர்கள் உண்டு. என்னைப் படித்துறையில் மேல்படியில் உட்காரவைத்து, அவர் மூன்று படி கீழே நிற்பார். கையில் பொரி கொடுத்திருந்தார். அன்றைக்கு அவர் தக்கை ஒரே இழுப்பில் உள்ளே போனது. பெரிய மீன், கட்லாவாக இருக்கலாம். அவர் கம்பைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்தார். மீனைப் பார்க்க நான் இறங்கினேன். இரண்டாவது படியில் பாசி.

நான் கத்தவில்லை. இதைத்தான் எல்லோரிடமும் சொல்வேன். சினிமாவில் கையைக் காலை அடித்து "காப்பாத்துங்க" என்பார்கள். வாய் தண்ணீருக்கு மேலே வந்தால் மூச்சு எடுக்கத்தான் நேரம் இருக்கும், கத்த இருக்காது. பச்சையாக இருந்தது. காதில் ஒரு இரைச்சல். அவ்வளவுதான் நினைவு. எதிர்ப்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா பொரி மிதந்து போவதைப் பார்த்திருக்கிறார். பொரி வருகிறதே, பையன் எங்கே என்று நிமிர்ந்து பார்த்து, இறங்கி வந்து முடியைப் பிடித்துத் தூக்கினார். அப்பா பத்தடி தள்ளி நின்று மீனை இழுத்துக்கொண்டிருந்தார். அவர் திரும்பிப் பார்த்தபோது நான் கரையில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன்.

அப்பா குடிகாரர் இல்லை, பொறுப்பில்லாதவரும் இல்லை. "தூண்டில்காரனுக்குத் தக்கை மேல் கண்" என்பார்களே, அது வெறும் சொல்லடை இல்லை. தக்கை ஆடினால் கண் அதிலிருந்து வராது. அப்படித்தான் அந்தத் தொழில். கம்பு அதன் பிறகு உத்தரத்தில் செருகியே கிடந்தது, வீடு பிரித்துக் கட்டியபோதுதான் எடுத்தோம்.

என் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நான் போகிறேன். போகாமல் இல்லை. ஆனால் பிள்ளையோடு போகிற நாளில் என் கையில் தூண்டில் இருக்காது. ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர், கை நீட்டினால் சட்டையைப் பிடிக்கிற தூரம். எனக்கும் போட வேண்டும் என்று ஆசையாக இருந்தால் வேறொரு நாள் தனியாகப் போவேன்.

நீர்மட்டம் | புதன், காலை 5:55

படித்துறை, நன்றி. நான் மேலே எழுதின கன அடிக் கணக்கெல்லாம் இதற்குப் பிறகுதான்.

ஒரு சேர்க்கை மட்டும். ஐந்து லிட்டர் எண்ணெய் கேனை மூடியை இறுக்கி மூடி, பதினைந்தடிக் கயிறு கட்டிக் கையோடு வையுங்கள். யாராவது விழுந்தால் குதிக்காமல் அதை எறியுங்கள். கேன் இல்லையென்றால் வேட்டி. காப்பாற்றக் குதித்தவரும் சேர்ந்து போன கதைகள் இந்த ஆற்றில் நிறைய. பிள்ளைக்கு லைஃப் ஜாக்கெட் வாங்குங்கள், கவட்டு வழியாகப் பட்டை வருகிற மாதிரி. பட்டை இல்லையென்றால் ஜாக்கெட் மேலே வரும், பிள்ளை கீழே போகும். கையில் மாட்டுகிற காற்றுப் பை வேண்டாம். அந்த 1,800 ரூபாய் இதற்குத்தான்.

அணைக்கரைக்காரன் | புதன், காலை 9:30

யாருமே முதலையைப் பற்றிப் பேசவில்லையே?

சும்மா பார்க்க வந்தவன் | புதன், காலை 9:34

அதற்குத்தான் நீங்கள் இருக்கிறீர்கள்.

அணைக்கரைக்காரன் | புதன், காலை 9:51

சிரிக்காதீர்கள். எங்கள் அணைக்கரைப் பக்கம் கொள்ளிடத்தில் முதலை உண்டு, பலகையே வைத்திருக்கிறார்கள். ஊருக்குள் வந்ததைப் பிடித்தால் சிதம்பரம் பக்கம் வக்காரமாரியில் கொண்டுபோய் விடுவார்கள். முக்கொம்புப் பக்கம் காவிரியிலும் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பயமுறுத்தச் சொல்லவில்லை. உள்ளூர் மீன்பிடிக்கிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உட்காருங்கள். பிடித்த மீனையும் குடலையும் தண்ணீரோரத்தில் போட்டுவைக்காதீர்கள். அந்தி சாய்ந்தால் வீட்டுக்கு.

கம்பவுண்டர் மகன் | புதன், மதியம் 2:15

வெயிலில் பொழுது போகவில்லை, என் பங்குக்கு.

கெளுத்தி மாட்டினால் பிள்ளையைத் தொட விடாதீர்கள். முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று, மூன்று முள். குத்தினால் கடுகடுவென்று தோள்வரை ஏறும். தண்ணீரைவிட்டு எடுத்ததும் "கர்ர் கர்ர்" என்று சத்தம் போடும், பிள்ளைக்கு ஆசையாக இருக்கும், கையை நீட்டும். துணியால் பிடித்து நீங்கள் கழற்றுங்கள். குத்திவிட்டால் நன்றாகக் கழுவி, தாங்குகிற சூட்டு வெந்நீரில் அந்த இடத்தை அமிழ்த்தி வையுங்கள், வலி இறங்கும். சூட்டை உங்கள் கையில் பார்த்துவிட்டு வையுங்கள், வலியில் பிள்ளைக்குச் சூடு தெரியாது. பிறகு ஆஸ்பத்திரி, டிடி ஊசி.

தூண்டில் முள் ஆழமாக ஏறினால் இழுக்காதீர்கள். நரம்பை அறுத்துவிட்டு முள்ளோடு போங்கள். கண்ணுக்குப் பக்கத்தில் என்றால் தொடவே வேண்டாம். இதற்காகவே பிள்ளைக்குத் தொப்பியும் ஒரு சாதாக் கண்ணாடியும் போடச் சொல்வேன். கம்பை வீசும்முன் பின்னால் திரும்பிப் பார்க்கும் பழக்கத்தை முதல் நாளே வாளியிலேயே சொல்லிக்கொடுங்கள். வாளி வீண்போகாது.

காலில் செருப்பு கட்டாயம். மீன் முள்ளைவிட பீர் பாட்டில் சில்லு அதிகம் குத்துகிற கரைகள் இவை.

வாழைக்காய் வறுவல் | புதன், மாலை 6:40

எல்லோரும் பிள்ளையின் உயிரைப் பற்றியே பேசுகிறீர்கள், சரிதான். மீனுக்கு ஒரு ஓட்டுகூட இல்லையா? ஏழு வயதில் ஓர் உயிர் வாயில் கொக்கி மாட்டித் துடிப்பதை விளையாட்டு என்று கற்றுக்கொடுக்க வேண்டுமா? சண்டைக்கு வரவில்லை, கேட்கிறேன்.

ஊத்தா | புதன், இரவு 8:25

நியாயமான கேள்வி. எனக்கு உள்ள பதில் முழுப் பதில் இல்லை.

நாங்கள் கண்மாய்க்காரர்கள். கண்மாய் மீனைப் பிடிக்கிற உரிமையை (மீன்பாசி) ஏலம் எடுத்தவன் பிடித்து முடித்து, தண்ணீர் வற்றினதும் ஊரே ஊத்தாவும் (மீனைக் கவிழ்த்துப் பிடிக்கிற கூடை) வலையுமாக இறங்கும். சேற்றோடு மீனைத் தூக்கிவந்து அம்மாவிடம் கொடுத்தால்தான் அன்றைக்குக் குழம்பு. எனக்கு அது விளையாட்டாகவும் இருந்தது, சோறாகவும் இருந்தது. மார்க்கெட்டில் வெட்டிச் சுத்தம் செய்து கவரில் போட்டுக் கொடுப்பதைத் தின்கிற பிள்ளைக்கு அது துடித்தது தெரியவே தெரியாது. தெரிந்துவிட்டுத் தின்பதோ, தின்னாமல் விடுவதோ அவள் பாடு.

ஆனால் சிலவற்றை நான் செய்வதில்லை. சிவப்பாகக் குஞ்சுக் கூட்டம் தெரிந்தால் கீழே தாய் விரால் காவல் நிற்கும். அந்த இடத்தில் தூண்டிலைப் போட்டால் குஞ்சைக் காப்பாற்றத்தான் அது வந்து கடிக்கும். அதைப் பிடிப்பது கேவலம். சின்னதை ஈரக் கையால் பிடித்து உடனே விட்டுவிட வேண்டும், காய்ந்த கை பட்டால் மேல் வழவழப்பு போய்விடும்.

உங்கள் மகளுக்குப் பெரும்பாலும் ஜிலேபிதான் மாட்டும். 1952-ல் நம் நாட்டுக்குக் கொண்டுவந்த ஆப்பிரிக்க மீன், இன்றைக்கு எந்தக் குட்டையைக் கேட்டாலும் அதுதான். அதன் தாய் முட்டையை வாயில் வைத்துப் பொரிக்கும், குஞ்சுக்கு ஆபத்து என்றால் திரும்ப வாய்க்குள் வாங்கிக்கொள்ளும். இதை அவளிடம் சொல்லிப் பாருங்கள். தொட்டி துடைக்கிற சக்கர் மீன் மாட்டினால் மட்டும் திரும்ப ஆற்றில் விடாதீர்கள். யாரோ வீட்டுத் தொட்டியைக் கழுவிக் கொட்டினது, இன்றைக்கு வலைகளைக் கிழித்துக்கொண்டிருக்கிறது.

வாழைக்காய் வறுவல் | புதன், இரவு 8:50

தாய் விரால் விஷயம் நன்றாக இருந்தது. மற்றதில் நான் என் கட்சியிலேயே இருக்கிறேன்.

முசிறி மருமகன் | வியாழன், இரவு 10:20

எல்லாவற்றையும் மனைவி உட்கார்ந்து படித்தாள். படித்துறை எழுதியதை இரண்டு தடவை. பிறகு, "நானும் வருகிறேன், கயிறு என் கையில்" என்றாள். லைஃப் ஜாக்கெட் ஆர்டர் போட்டாகிவிட்டது. சனிக்கிழமை கிளம்புகிறோம்.

முசிறி மருமகன் | அடுத்த வியாழன், இரவு 9:05

வந்துவிட்டோம். கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

மாமனாருக்கு எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். "இவ்வளவு பேர் சொல்லியா ஆத்துக்குப் போகணும்?" என்றார். ஆனால் மறுநாள் சாயங்காலம் அவரே கம்பை ஊன்றிக்கொண்டு கரையோரமாக நடந்து பார்த்தார். படித்துறையில் பாசி, வேண்டாம் என்றார். கோரை மண்டின இடத்துக்குப் பக்கத்தில் மணல் சரிவாக இறங்குகிற ஓர் இடம். பத்தடி வரை முழங்காலுக்குக் கீழே. மேலே உட்காரப் புங்க மரத்து வேர்.

முதல் நாள் காலை ஆறரைக்குப் போனோம். புழுவுக்குப் பயப்படுவாள் என்று மைதா பிசைந்து எடுத்துப் போனேன். அவள் புழுவுக்குப் பெயர் வைத்து, அதை முள்ளில் குத்தக் கூடாது என்றாள். மைதாதான். மூன்று தடவை தக்கை ஆடியது, மூன்று தடவையும் மாவைத் தின்றுவிட்டுப் போய்விட்டது. நாற்பது நிமிடத்தில் பசிக்கிறது என்றாள். திரும்பிவிட்டோம்.

இரண்டாம் நாள்தான் சொல்ல வேண்டியது. என் கையில் தூண்டில் இல்லை. அவள் சட்டையைப் பிடிக்கிற தூரத்தில்தான் இருந்தேன். தக்கை லேசாக ஆடியது, நின்றது, மறுபடி ஆடியது. நானும் அதையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. "ஏங்க" என்று ஒரு குரல். திரும்பினால் மகள் இரண்டடி முன்னால், கணுக்கால் தண்ணீரில், கம்பை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். ஆபத்து ஒன்றுமில்லை, ஜாக்கெட் இருந்தது, கயிறு அவள் அம்மா கையில் இருந்தது. ஆனால் அவள் நகர்ந்ததை நான் பார்க்கவில்லை. படித்துறை, உங்கள் அப்பாவை நினைத்துக்கொண்டேன்.

மீன் மாட்டியது. விரல் நீள ஜிலேபி. வாளியில் விட்டு, வாயைத் திறக்கச் சொல்லிக் கெஞ்சினாள், உள்ளே குஞ்சு இருக்கிறதா என்று பார்க்க. அது திறக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோனோம். மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கு மசாலா அரைச்சா அம்மிக்கே கேவலம்" என்றார். சாயங்காலம் அதே இடத்தில் கொண்டுபோய் விட்டோம். விடும்போது கையை நனைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குச் சொன்னவள் அவள்தான்.

ஒரு சந்தேகம். தோண்டின மண்புழு, அவள் பெயர் வைத்தது உட்பட, கொட்டாங்குச்சியோடு மாமியார் அடுப்படி ஜன்னலில் இருக்கிறது. பஸ் குளித்தலையைத் தாண்டின பிறகுதான் ஞாபகம் வந்தது. இப்போது போன் அடிக்கிறது.

ஊத்தா | அடுத்த வியாழன், இரவு 9:11

எடுக்காதீர்கள்.